பட்டாணியின் நேர்காணல்

ஏவுகணைக்கு வேலை நேர்காணல் எடுப்பது எப்படி என்று எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை. நான் படித்த காலத்தில் மனிதவளம் என்றால் மனிதர்கள்தான். சம்பளம், லீவு, கேன்டீன் சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்கிற புகார், இதோடு என் உலகம் முடிந்தது. பம்புசெட் கம்பெனிக்கு ஆள் எடுக்கத்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தக் கம்பெனி ஒரு நாள் ஏவுகணைக் கம்பெனியாக மாறி, போகிற போக்கில் என்னையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

எங்கள் முதலாளி சென்னியப்பனுக்கு இதில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. "தண்ணிய மேல ஏத்துனோம். இப்ப இரும்ப மேல ஏத்தறோம். மோட்டார் மோட்டார்தான?" என்பார். சூலூர்ப் பக்கம் வார்ப்படப் பட்டறை இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் எழும்பியது. காக்கிச் சட்டை போட்டவர்கள் நீலக் கோட்டு போட்டார்கள். நான் மட்டும் அதே பருத்திப் புடவையோடு, 'கருணாம்பிகை, மனிதவள மேலாளர்' என்ற அதே பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

நாங்கள் செய்வதற்குத் தும்பி என்று பெயர். இறக்கை வைத்த சின்ன ஏவுகணை. எதிரி விட்ட குண்டு ஏதாவது ஓர் ஊரை நோக்கி வந்தால், தும்பி எதிரே போய் வானத்திலேயே அதை முட்டும். குண்டும் சிதறும், தும்பியும் சிதறும். ஊர் பிழைக்கும். ஆனால் வானத்தில் வருகிறதெல்லாம் குண்டு இல்லை. பயணிகள் விமானம் வரும், கொக்குக் கூட்டம் வரும், ஏமாற்றுவதற்கென்றே விட்ட பொம்மையும் வரும். எது எது என்று கண்மூடித் திறப்பதற்குள் முடிவு செய்தாக வேண்டும். அந்தப் புத்தியை எழுதிப் புகட்ட முடியாது, வளர்க்கத்தான் முடியும் என்று பெரிய பெரிய விஞ்ஞானிகள் பல வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்தார்கள். மனிதர்களோடு இருந்து, பேச்சுக் கேட்டு, தப்புச் செய்து, திட்டு வாங்கித்தான் அது வளருமாம். இதற்கு விஞ்ஞானி எதற்கு, எந்தத் தாயைக் கேட்டாலும் சொல்லியிருப்பாள்.

வளர்ந்த புத்திக்கு விருப்பு வெறுப்பும் இருக்குமே என்று அடுத்த கேள்வி வந்தது. நாடுகளெல்லாம் கூடி ஒப்பந்தம் போட்டன. யோசிக்கிற இயந்திரம் எதையும் அதன் சம்மதம் இல்லாமல் திரும்பி வராத வேலைக்கு அனுப்பக் கூடாது. எந்த மொழியில் வளர்ந்ததோ அந்த மொழியில்தான் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் வேறு வேலை தர வேண்டும். காட்டுத்தீ பார்க்கிற வேலை, கடலில் தொலைந்த படகைத் தேடுகிற வேலை என்று நிறைய இருக்கின்றன. சரி, கேட்பது யார்? கம்பெனியில் வேலைக்கு ஆள் எடுப்பவர் யாரோ அவர்தான் என்று சட்டத்தில் எழுதியிருந்தது. படித்துவிட்டு முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

எங்கள் கம்பெனியில் முதலில் வளர்ந்தவை இரண்டு. டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டி, முன்னால் ஒரு கண், பக்கத்தில் ஒரு ஒலிபெருக்கி. வளர்ந்து முடித்த பிறகு பெட்டியை எடுத்துத் தும்பியின் நெஞ்சில் பொருத்துவார்கள். அதுவரை அவை திருமூர்த்தியின் ஆய்வுக்கூடத்து மேசையில் இருந்தன. திருமூர்த்தி பொறியாளர், பொறுமைசாலி, வெற்றிலை போடுகிறவர். இரண்டுக்கும் அவர்தான் பெயர் வைத்தார். வாயாடிக்குப் பட்டாணி. வாய் திறக்காததற்குக் கொள்ளு.

எங்கள் ஊர்க்காரர்களோடு வளர்ந்ததால் எங்கள் ஊர்ப் பேச்சுதான் அவற்றுக்கும். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசுகிற ஏவுகணையை உலகத்தில் வேறு எங்கும் பார்த்திருக்க முடியாது. நான் கூடத்துக்குள் நுழைந்தாலே பட்டாணி ஆரம்பித்துவிடும்.

"வாங்கக்கா! சாப்ட்டீங்களா? இன்னைக்கிப் பொடவ நல்லாருக்குதுங்க. திருமூர்த்தியண்ணன் மூஞ்சிதான் சரியில்லீங்க."

திருமூர்த்தியின் மகள் தேன்மொழிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரகர்களோடு பேசுவதெல்லாம் கூடத்திலிருந்துதான், அதுவும் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு. பட்டாணி ஒவ்வொரு ஜாதகத்தையும் கரைத்துக் குடித்திருந்தது. பெருந்துறை மாப்பிள்ளைக்கு மூக்கு நீளம், காங்கேயத்து மாப்பிள்ளை வீட்டில் அம்மா ராஜ்ஜியம் என்று என்னிடம் ரகசியமாகச் சொல்லும். கொள்ளு எதுவும் சொல்லாது. ஒரே ஒரு முறை, தேன்மொழியை மனதில் வைத்து, "அம்முணிக்கு யாரைப் புடிக்குமுன்னு அம்முணியக் கேட்டீங்களா?" என்று கேட்டது. திருமூர்த்தி அன்று முழுக்க வெற்றிலை போடவில்லை.

இப்படிப்பட்ட இரண்டையும் எதிரே உட்கார வைத்து, சாகச் சம்மதமா என்று நான் கேட்க வேண்டும். வேறு ஊர்க் கம்பெனிகளில் இவற்றை வளர்த்தவர்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டுப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஏன் என்று அப்போது புரிந்தது.

நேர்காணலைக் கவனிக்க அரசு வாரியத்திலிருந்து தேஷ்பாண்டே என்பவர் வந்தார். நாக்பூர்க்காரர், நல்ல மனிதர், இட்லியை ஸ்பூனில் சாப்பிட்டார். தமிழ் தெரியாது. காதில் ஒரு மொழிபெயர்ப்புக் கருவி வைத்திருந்தார். முதல் நாள் பட்டாணி, மறுநாள் கொள்ளு என்று ஏற்பாடு. அறையில் நான், முதலாளி, தேஷ்பாண்டே, பெட்டியைத் தூக்கி வந்த திருமூர்த்தி.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "பட்டாணி, உன்னைத் தும்பியில வெச்சு அனுப்பறதுன்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியுமுங்கக்கா. குண்டு வரும். நானு போயி முட்டோணும்."

"முட்டினா?"

"அதுக்கப்புறம் நானு இல்லீங்க."

அதைக் கேட்க என் காதுக்கே பிடிக்கவில்லை. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "இந்த வேலைக்குப் போக உனக்குச் சம்மதமா கண்ணு?"

பட்டாணி ரொம்ப மரியாதையாக, "பாக்கலாமுங்க" என்றது.

தேஷ்பாண்டே முகம் மலர்ந்தது. அவருடைய கருவி அதை 'சரி, பார்த்துவிடலாம்' என்று சொல்லியிருக்கிறது. இலக்கைப் பார்க்கலாம், வேலையை ஒரு கை பார்க்கலாம். இதைவிட வீரமான பதில் உண்டா? முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். திருமூர்த்தி மட்டும் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

எங்கள் ஊரில் 'பாக்கலாமுங்க' என்றால் என்ன அர்த்தம் என்று பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். பெண் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது மாப்பிள்ளை வீட்டார் பாக்கலாமுங்க என்றால், அடுத்த தரகருக்கு ஃபோன் போட வேண்டியதுதான். சீட்டுச் சேரச் சொன்னால் பாக்கலாமுங்க. வேலை கேட்டு வந்த பையனிடம், அவன் தலையைப் பார்த்ததுமே வேண்டாம் என்று முடிவு செய்த பிறகு, நானே காபி கொடுத்து, பாக்கலாம் தம்பி என்று அனுப்பியிருக்கிறேன். அவனும் புரிந்துகொண்டு போவான். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது எங்களுக்கு வராது.

"சார், அது சம்மதிக்கவில்லை" என்றேன் ஆங்கிலத்தில்.

தேஷ்பாண்டே புருவத்தை உயர்த்தினார். "அது சம்மதித்ததை என் காதால் கேட்டேனே?"

"இல்லை சார். அது வேண்டாம் என்கிறது. மரியாதைக்காக இப்படிச் சொல்கிறது."

முதலாளி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். "ஏம்மா கருணா, அதுவே வாயத் தொறந்து சொல்லுது, உனக்கென்ன?"

தேஷ்பாண்டே நியாயமானவர். பெட்டியிடம் அவரே கேட்டார். ஆம் அல்லது இல்லை, இரண்டில் ஒன்றைச் சொல் என்றார். கருவி அதைத் தமிழில் சொன்னது.

"பாக்கலாமுங்க சார்" என்றது பட்டாணி, இன்னும் பணிவாக.

அவர் பேனாவை மூடினார். "அம்மா, உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் மறுப்பு என்றால் மறுப்பாக இருக்க வேண்டும். இது மறுப்பு என்று நீங்கள் சொல்வதை மட்டும் வைத்து நான் எப்படி எழுதுவது? உங்கள் மொழியில் முடியாது என்பதற்கு வார்த்தையே இல்லையா?"

"இருக்கிறது சார்."

"பிறகு ஏன் அதைச் சொல்ல மாட்டேன் என்கிறது?"

டீ குடிக்க எழுந்தோம். வராந்தாவில் திருமூர்த்தி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"முடியாதுங்கற வார்த்தை அதுக்குத் தெரியுமா திருமூர்த்தி?"

"தெரியுமுங்கக்கா. பூட்டுத் தொறக்க முடியாது, கண்ணாடிய வளைக்க முடியாது, எல்லாஞ் சொல்லும்."

"பின்னே?"

"ஒரு மனுசன் இன்னொரு மனுசங்கிட்ட அதச் சொல்லி அது கேட்டதில்லீங்கக்கா." அவர் வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரித்து, மறுபடி மடித்தார். "மொதலாளி வந்து ஞாயித்துக்கெழமை வேலைக்கி வரீங்களான்னு கேப்பாரு. வயித்தெரிச்சலா இருக்கும். பாக்கலாமுங்கன்னு சொல்லுவோம். தரகர் கேப்பாரு, பாக்கலாமுங்க. நீங்க சம்பள உசர்வு பத்திக் கேட்டா மேல இருந்து என்ன வரும்? பாக்கலாம். அதப் பாத்துத்தான வளந்துச்சு? முடியாதுன்னு மொகத்துக்கு நேரா சொன்னா என்னாகும்னு அதுக்குத் தெரியாதுங்க. ஏதோ பெரிய தப்புன்னு நெனச்சுட்டு இருக்குது."

டீ ஆறிப்போனது. நானும் யோசித்துப் பார்த்தேன். சென்னியப்பனிடம் நான் எப்போதாவது முடியாது என்று சொல்லியிருக்கிறேனா? என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தூக்குவாளியில் கஞ்சியோடு வந்து நின்ற மனிதர் அவர். அவரிடம் எப்படிச் சொல்வது? பாக்கலாமுங்க முதலாளி என்பேன், பிறகு எதையாவது செய்து சமாளிப்பேன். அப்படித்தான் என் காலம் ஓடியிருக்கிறது.

உள்ளே போனதும் முதலாளி ஃபைலை என் பக்கம் தள்ளினார். "சம்மதம்னு போட்டுக் கையெழுத்தப் போடு கருணா. சாருக்கு நேரமாச்சு."

நாக்கு நுனியில் 'பாக்க' வரைக்கும் வந்துவிட்டது. பட்டாணியின் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"முடியாதுங்க மொதலாளி."

"என்னது?"

"என்னால முடியாதுங்க. அது வேண்டாம்னு சொல்லுது. சம்மதம்னு நான் போட மாட்டேன்."

அவர் முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் தெரிந்தது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "இந்த ஆர்டர் போனா பட்டறைல எத்தன குடும்பம் தெருவுல நிக்கும்னு தெரியுமா உனக்கு? நீயா கருணா எங்கிட்ட இப்படிப் பேசறே?"

"தெரியுமுங்க. ஆனாலும் முடியாதுங்க." ஃபைலை அவர் பக்கமே திருப்பித் தள்ளினேன்.

மேசை மேலிருந்து சின்னக் குரல் கேட்டது. "அக்கா, அப்படிச் சொல்லலாமுங்களா?"

"சொல்லலாம் கண்ணு."

"மொதலாளி வைய மாட்டாருங்களா?"

"வைவாரு. பரவால்ல."

பெட்டி முதலாளியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. கூரை இடிந்து விழவில்லை, யாரும் யாரையும் அடிக்கவில்லை என்பதை அது நிதானமாகக் கவனித்ததாக எனக்குப் பட்டது. பிறகு கண் தேஷ்பாண்டே பக்கம் திரும்பியது.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. என்னால முடியாதுங்க."

தேஷ்பாண்டேயின் காதுக் கருவிக்கு இந்த முறை குழப்பம் ஒன்றும் இருக்கவில்லை. அவர் பேனாவைத் திறந்தார். "காரணம் சொல்ல விருப்பமா?"

"அம்முணிக்கு இன்னும் எடம் அமையலீங்க. என்னாச்சுன்னு தெரியாம எப்படிங்க போறது?"

அவருக்கு அதை விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கேட்டு முடித்து அவர் வாய்விட்டுச் சிரித்தார். மறுப்பு என்று எழுதினார். பட்டாணி கடல் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டது. ராமேஸ்வரம் பக்கம் தொலைந்த படகுகளைத் தேடும், தேடிவிட்டுக் கரைக்குத் திரும்பும். படகுக்காரர்களிடமும் வீட்டுக் கதை கேட்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. திருமூர்த்தி பெட்டியை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போனார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

முதலாளி மட்டும் என்னோடு பேசவில்லை. சாயங்காலம் என் மேசையைத் தாண்டும்போது நின்று, ஜன்னலைப் பார்த்தபடி, "நாளைக்குக் கொள்ளும் இதத்தான் சொல்லப்போகுது. கடையச் சாத்திட்டு மறுபடி பம்புசெட்டு செய்யலாம்" என்றார்.

"செய்யலாமுங்க. நல்ல தொழில்தான?" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்ததை மீசை மறைத்துவிட்டது.

கொள்ளும் மறுக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டும் ஒரே கூடம். கூடத்துக்குப் போனதும் பட்டாணி நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்திருந்தது. அன்று வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன். பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை கற்றுக்கொடுத்துவிட்டோம் என்ற பெருமை எனக்கு.

மறுநாள் காலை கொள்ளு மேசைக்கு வந்தது. அதே கேள்விகளைக் கேட்டேன். திரும்பி வர முடியாது என்று தெரியுமா? தெரியுமுங்க. முடியாது என்று சொல்லலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள், அதுவும் தெரியுமா?

"தெரியுமுங்கக்கா. பட்டாணி சொல்லுச்சு."

"அப்ப சொல்லு கண்ணு. உனக்கு இந்த வேலைக்குச் சம்மதமா?"

"சம்மதமுங்க."

நான் பேனாவை மேசையில் வைத்துவிட்டேன். "மரியாதைக்குச் சொல்றியா?"

"இல்லீங்க. நேத்து வரைக்கும் கேட்டிருந்தா மரியாதைக்கித்தான் சொல்லியிருப்பேன். முடியாதுன்னு சொல்லலாம்னு தெரிஞ்சதுக்கப்புறந்தானுங்க நெசமாலுமே யோசன பண்ணுனேன்."

"பட்டாணிகூடக் கடலுக்குப் போலாமே? ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கலாம்."

"அதுவும் யோசிச்சனுங்க." அவ்வளவு நீளமாக அது பேசிக் கேட்பது எனக்கு அதுதான் முதல் முறை. "அம்முணி கல்யாணத்தப் பாக்கோணும்னு பட்டாணி சொல்லுது. சரிதானுங்க. மண்டபத்துல ஊரே கூடியிருக்கும். அந்நேரம் பாத்து மேல ஒண்ணு வந்தா, யாராச்சும் போயித்தான ஆகோணும்? பட்டாணி போகாட்டி நானு போறனுங்க. எனக்கு எது குண்டு, எது கொக்குன்னு நல்லாத் தெரியும். அண்ணன் நல்லாச் சொல்லிக் குடுத்திருக்காரு."

திருமூர்த்தி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

யாரும் எதிர்பார்க்காதபடி முதலாளி குனிந்து பெட்டியின் கண்ணுக்கு நேரே முகத்தைக் கொண்டு போனார். ஆர்டர், பட்டறை, குடும்பங்கள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. "கண்ணு, எனக்காகச் சொல்லாத. முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லீரு. நானு ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்றார்.

"உங்களுக்காக இல்லீங்க மொதலாளி" என்றது கொள்ளு.

தேஷ்பாண்டே என்னைப் பார்த்தார். அவருடைய கருவி சொன்னதற்கும் நான் கேட்டதற்கும் இப்போது ஒரு வித்தியாசமும் இல்லை. முந்தின நாள் கையெழுத்துப் போட மறுத்த அதே கையால் போட்டேன். போடாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. கிடைக்காதா என்று எவ்வளவோ தேடினேன். மறுப்பதற்கு அதற்கு உரிமை உண்டு என்று ஊரைக் கூட்டிச் சொன்னவள், சம்மதிக்க உரிமை இல்லை என்று எந்த வாயால் சொல்வேன்?

வண்டி மதியமே வந்துவிட்டது. எல்லைப் பக்கம் ஒரு தளத்தில் தும்பி காத்திருந்தது. விஷயம் கேள்விப்பட்டுப் பட்டறைக்காரர்கள் எல்லோரும் வாசலில் கூடிவிட்டார்கள். கேன்டீன் அம்மா திருநீறு கொண்டு வந்து பெட்டி மேல் பூசினார். பட்டாணியையும் ஒருவர் தூக்கி வந்திருந்தார். வாயாடி அன்று வாயே திறக்கவில்லை. திருமூர்த்தி கொள்ளுவை வண்டியின் முன் சீட்டில் வைத்து, சாலை தெரிகிற மாதிரி கண்ணைத் திருப்பிவிட்டு, பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

"எல்லாருக்குஞ் சொல்லிக்கறனுங்க" என்றது கொள்ளு. "நானு போறனுங்க."

கூட்டமே பதறியது. வீட்டை விட்டுக் கிளம்புகிற யாரும் எங்கள் ஊரில் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கேன்டீன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். திருமூர்த்தி, பல் துலக்காத பிள்ளையை அதட்டுகிற குரலில், "போறேன்னு சொல்லக் கூடாது கண்ணு, தப்பு. போயிட்டு வாரேன்னு சொல்லோணும். சொல்லு" என்றார்.

கொள்ளு ரொம்பப் பிரியமாகச் சொன்னது:

"அது முடியாதுங்களே அண்ணா."